இறாலுக்கும் தயிர் சாதமா?

வயிறு சரியில்லைன்னா வீட்டில் அம்மா என்ன கொடுப்பாங்க? தயிர் சாதம். தயிரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. இறாலுக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம் நடக்கிறது என்றால் சிரிக்காதீர்கள்! நாகப்பட்டினம், நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணைகளில் தீவனத்தோடு கலக்கும் 'புரோபயாடிக்' பவுடர் அதுதான்.

ஏன் இந்த வேலை?

1994-95-ல் வெண்புள்ளி வைரஸ் வந்து கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைக் காலி செய்தது. 2009-ல் வனாமி இறால் வந்தபின் தொழில் மறுபடி எழுந்தது. ஆனால் நெருக்கமாக வளர்க்கும் குளத்தில் 'விப்ரியோ' என்ற பாக்டீரியாவின் தொல்லை அதிகம்.

ஆன்டிபயாடிக் போட்டால் போச்சு என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்! குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் தடை செய்யப்பட்டவை. இறாலில் அவற்றின் மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். மருந்துக்கு மசியாத கிருமிகளும் பெருகும். சரி, தடுப்பூசி? நம்மைப் போல ஆன்டிபாடி தயாரிக்கும் வசதி இறால் உடம்பில் கிடையாது.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

காலையில் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே கதைதான். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் இறாலின் குடலில் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் விப்ரியோவுக்கு சீட் இல்லை! இவை சுரக்கும் என்சைம்கள் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைத்து ஜீரணத்துக்கும் கைகொடுக்கும். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். ஜீரணம் நன்றாக இருந்தால் மிச்சமாவது பண்ணைக்காரரின் காசு.

ஆனால் சீட் பிடித்தவர்கள் சீக்கிரமே இறங்கிவிடுவார்கள். அதனால் ஒருநாள் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. தொடர்ந்து கொடுக்க வேண்டும். பவுடரைப் பசையோடு சேர்த்துத் தீவனத்தின் மேல் பூசி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்லதும் சேர்ந்து சாகும்.

இன்னொன்று: இது சர்வரோக நிவாரணி இல்லை. வெண்புள்ளி நோய் வந்த குளத்தை எந்தப் பாக்கெட்டும் காப்பாற்றாது. நல்ல குஞ்சு, சுத்தமான தண்ணீர், ஏரேட்டர் இவற்றுக்கு இது மாற்றும் அல்ல.

நமக்கு என்ன வேலை?

ஒரு சின்னக் கணக்கு. பாக்கெட்டில் 'ஒரு கிராமில் 100 கோடி பாக்டீரியா' என்று போட்டிருக்கிறது. ஒரு கிலோ தீவனத்தில் 5 கிராம் கலந்தால், ஒவ்வொரு கிராம் தீவனத்திலும் 50 லட்சம் இருக்க வேண்டும். தகரக் கொட்டகை வெயிலில் கிடந்து நூற்றுக்கு ஒன்றுதான் உயிரோடு மிஞ்சியது என்றால்? வெறும் 50 ஆயிரம்! பண்ணைக்காரர் கொடுத்ததோ முழு விலை.

உயிர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பவுடரைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அகார் தட்டில் பரப்பி, ஒருநாள் கழித்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். கிருமி நீக்கிய கண்ணாடிச் சாமான், ஒரு இன்குபேட்டர், பொறுமை... இவ்வளவுதான் தேவை. கடன் வாங்கிக் குளம் வெட்டியவருக்கு விளம்பர நோட்டீஸைவிட அந்த எண்ணிக்கை பெரிய உதவி.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேணுமா என்ன? யோசியுங்கள், தோழர்களே!