லாரிக்கு மேனிஃபோல்டும் சைலன்சரும் மாற்றும்போது

லாரி எஞ்சினின் புகை மேனிஃபோல்டில் புறப்பட்டு, டர்போவைச் சுழற்றிவிட்டு, சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 விதி வந்தபின், கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளிக்கப்படும் எஸ்.சி.ஆர். அறையும், அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்களும் இந்தப் பாதையில் சேர்ந்துள்ளன. இதில் ஒரு துண்டை மட்டும் தன்னிஷ்டத்துக்கு மாற்றினால், அதன் விளைவு எஞ்சின் வரை போகும்.

பெரிய குழாய் போட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற பேச்சு பட்டறைகளில் இன்னும் ஓயவில்லை. டர்போ உள்ள டீசல் எஞ்சினில் புகையின் வெப்பமும் வேகமும்தான் டர்போவைச் சுழற்றுகின்றன. அதனால்தான் நிறுவனங்கள் மேனிஃபோல்டைக் குட்டையாகவும் கனமான வார்ப்பிரும்பிலும் செய்கின்றன. நீண்ட மெல்லிய குழாய்களை வளைத்துச் செய்த ஹெடர் வெப்பத்தை வழியிலேயே இழக்கும். பாரவண்டியின் அதிர்வில் வெல்டு விடும். டர்போவுக்கு முன்னால் பேக்கிங் கசிந்தால் இழுவை குறைந்து கரும்புகை வரும். டர்போவுக்குப் பின்னால் குழாய் குறுகினால் எஞ்சின் சூடாகி டீசல் அதிகம் குடிக்கும். ஆகவே, எஞ்சின் எண்ணைச் சொல்லி, அதற்குரிய பாக எண் கொண்ட பொருளையே வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, அடைத்துக்கொண்ட டி.பி.எஃப். வடிகட்டியின் உட்பகுதியைக் குடைந்தெடுத்துவிட்டு, சென்சாரை ஏமாற்றும் சிறு பெட்டியைப் பொருத்துவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டுமே. காற்று, ஒலி மாசு விதியை மீறினால் 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். மாற்றச் சொன்னது முதலாளி, உரிமத்தை இழப்பது ஓட்டுநர்.

புகைச் சான்றிதழ் கையில் இருப்பது பாதுகாப்பாகாது. டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. யூரியா அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. சோதனைக் குழாயை முறையாகச் செருகாமலே சான்று எழுதித் தரும் மையங்களையும், எஃப்.சி.க்கு வரும் வண்டியின் அடியில் குனிந்து பார்க்காத பிரேக் இன்ஸ்பெக்டர்களையும் நம்பி இருப்பது ஆபத்து. வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கட்டாயம் குனிந்து பார்ப்பார்.

தீயைப் பற்றிய எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்கவே கூடாது. வடிகட்டி தன் கரியை எரிக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 113, புகைக்குழாய்க்கும் டீசல் குழாய்க்கும் இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி கேட்கிறது. பிரேக் காற்றுக்குழாயும் ஒயரிங்கும் கூடத் தள்ளியே இருக்க வேண்டும். பிடிப்புக் கம்பி அறுந்த சைலன்சரைக் கயிற்றாலோ கட்டுக்கம்பியாலோ கட்டி ஓட்டக் கூடாது. வைக்கோல், பஞ்சு ஏற்றும் வண்டிகளில் நிச்சயம் கூடாது.

பொருளோ வேலையோ பழுதானால் தீர்வு உண்டு. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். பாக எண், எஞ்சின் எண், வண்டி எண், வாரண்டிக் காலம், கூலி ஆகியவை தனித்தனியாக எழுதிய ஜி.எஸ்.டி. பில்லும், பட்டறையின் வேலைச் சீட்டும் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். முதலில் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். வணிக நோக்கில் வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒற்றை லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

பில் இல்லாத வேலைக்கு எந்த ஆணையத்திலும் வலு இல்லை. சில நூறு ரூபாய் வரி மிச்சம் என்று யார் சொன்னாலும், பில்லை வாங்காமல் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்காதீர்கள்.