உவரும் பூசணமும்

உப்பளங்களில் வாருதல் ஓய்ந்து ஐப்பசி மழை பிடித்ததும், தூத்துக்குடி வீடுகளில் பாத்ரூம் மூலைகள் கறுக்கத் தொடங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது வெள்ளம் புகுந்த வீடுகளில், தண்ணீர் வடிந்த பிறகும் சுவரின் ஓதம் லேசில் போகவில்லை.

இந்தக் கரையோரத்தில் கறை இரண்டு வகை. வெள்ளையாகப் பூப்பது உவர்: உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சிலிருந்து கசியும் உப்பு. கறுப்பாகப் படர்வது பூசணம். அது உயிருள்ளது, சோப்புப் படலத்தையும் உடம்பு எண்ணெயையும் தின்று வளர்வது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுக்கும். அதனால் உவர் ஏறிய சுவர் தானாகவே நசநசத்துக் கிடக்கும். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டுக்கும் நம் வீடுகளில் ஒரே வைத்தியம், ஆசிட். தயவுசெய்து அதை விடுங்கள். ஆசிட் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டை அரிக்கும். அரித்த குழியில் அழுக்கும் ஈரமும் தங்கி, அடுத்த மழைக்குக் கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கும்.

பூசணம்தானா என்று பார்க்க, ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசலைக் கறையில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூசணம்தான். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துப் படலத்தை நன்றாக அலசிவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் இடுக்குகளில் பூசுங்கள். பத்து நிமிடம் ஊறியபின் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கையுறை அவசியம், கதவு திறந்திருக்கட்டும். பிளீச்சிங் கரைசலோடு ஆசிட்டோ, ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து.

உவரை நனைக்கக் கூடாது. நனைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள்.

பழைய வீடுகளில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தார்கள். அதன் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை வெட்டி எரித்தோம். தூத்துக்குடி அருகே விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் மூழ்கியதில் அந்த வெட்டுக்கும் பங்குண்டு. பவளங்களுக்கு 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் கிடைத்தது. இன்று சுண்ணாம்புக்கல்லில் சுட்ட சுண்ணாம்பே கடைகளில் கிடைக்கிறது. டைல்ஸுக்கு மேலே சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பு பெயிண்டைவிட அதுவே நல்லது என்பேன்.

இத்தனை செய்தும் காற்று வராவிட்டால் வீண். கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்த வீடுகள் எத்தனை! அட்டையை எடுத்துவிட்டு நைலான் வலை அடியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், குளித்தபின் இருபது நிமிடமாவது ஓடட்டும். கதவின் அடியில் இடைவெளி இல்லையென்றால் அது இழுப்பதற்குக் காற்றே இராது. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை வழித்துவிடட்டும். கசியும் குழாய், விரிந்த இடுக்கு எதுவானாலும் ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே கொத்தனாரைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் பூசிய சிமெண்ட் காயாது.