பதினோராம் ஆட்டக்காரரின் பெயர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது, சனசமூக நிலையம் என்று முகப்பில் எழுதப்பட்ட ஒரு சிறிய கட்டிடம். அதன் விறாந்தையில் ஒரு நீண்ட மேசையும், இருபுறமும் வாங்குகளும், மேசைமேல் அன்றைய பத்திரிகைகளும் இருக்கும். காலையில் அங்கே வந்து அமர்கிற முதியவர்கள், பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதை முதலில் தேடுவதில்லை. மரண அறிவித்தல்களைப் பார்க்கிறார்கள். பிறகு, தங்கள் ஊர்ப் பெயர் எங்கேனும் அகப்படுகிறதா என்று உள்ளூர்ச் செய்திகளிலும் விளையாட்டுப் பக்கத்திலும் துருவுகிறார்கள். அவகாசம் மிஞ்சினால் முதற்பக்கத்துக்கு வருகிறார்கள். பக்கத்து ஊர்க் கழகத்தோடு நடந்த உதைபந்தாட்டத்தின் முடிவை ஒருவர் உரக்க வாசிக்க, கோல் அடித்த பையனின் பெயர் வந்ததும், "ஆர், எங்கட மணியத்தின்ர பேரனே?" என்று மற்றொருவர் கேட்க, அதன் பின் அரைமணி நேரத்துக்கு அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறும் அங்கே விஸ்தாரமாக ஆராயப்படும்.

இந்த வாசிப்பு முறையைப் பாமரத்தனம் என்று கருதுவோர் உண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. 2012-ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாநகர எல்லைக்குள் 90,000-க்கும் குறைவான ஜனங்களே வசித்த ஒரு சிறு நகரம், தனக்கென்று தினசரிப் பத்திரிகைகளை நடத்தியதும், அவற்றின் அச்சுக்கூடங்கள் தீக்கிரையான பின்னரும் அவற்றைக் கைவிடாமல் வைத்திருந்ததும் சாமானியமான காரியம் அன்று. அதற்கு வேண்டிய பலம் தலையங்கங்களிலிருந்து மட்டும் வந்ததில்லை, அந்த முதியவர்கள் முதலில் புரட்டுகிற பக்கங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தது என்பது என் துணிபு.

யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை புதிதன்று. 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷனரிமாரின் ஆதரவில் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது, 1889-இல் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதன'த்தைத் தொடங்கினார்கள், 1930-இல் நா. பொன்னையா சுன்னாகத்திலிருந்து 'ஈழகேசரி'யை வெளியிட, 1958 வரையில் அது நடந்தது. இவை சமயத்துக்கும் கல்விக்கும் இலக்கியத்துக்கும் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அன்றாடச் சமாசாரத்துக்கு, 1930-இல் தோன்றிய 'வீரகேசரி'யையும் 1932-இல் தோன்றிய 'தினகர'னையும் எதிர்பார்த்தே வடபகுதி மக்கள் இருக்க வேண்டியிருந்தது. அவை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்பில் அச்சாகி ரயிலேறி வந்தவை. தீவு முழுவதற்கும் பொதுவானவை. ஆகையால் வடமராட்சியிலோ தீவகத்திலோ நடந்த ஒரு விழாவுக்கு அவற்றில் நாலு வரி கிடைத்தாலே அதிகம். யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958-இல் தோக்கியோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அப்போட்டிகளில் முதலாவது தங்கப்பதக்கத்தை ஈட்டிக்கொடுத்தபோது, அந்த வெற்றியைத் தன் சொந்த வெற்றியாகவே கருதிய நகரத்துக்கு, அதனை மறுநாட் காலையில் தன் குரலில் எடுத்துச் சொல்ல ஒரு நாளேடு இருக்கவில்லை.

மறு ஆண்டில் அதற்கு வழி பிறந்தது. கே. சி. தங்கராஜா, கே. சி. சண்முகரத்தினம் என்னும் சகோதரர்கள் 1959-இல் தொடங்கிய 'ஈழநாடு' 1961-இல் தினசரியாயிற்று. தலைநகருக்கு வெளியே, ஒரு மாகாண நகரத்தில், அந்நகரத்து மக்களுக்காகவே ஒரு தமிழ்த் தினசரியை நடத்துவது என்பது அக்காலத்தில் துணிச்சலான முயற்சி. 1985-இல் 'உதயன்' வந்தது. பின்னர் 'வலம்புரி' முதலிய இதழ்களும் வந்தன.

இப்பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் அப்பக்கம் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளால் நிறைந்திருக்கும். மார்ச் மாதம் நெருங்க, நகரத்தின் கவனம் முழுவதும் யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுகிற 'வடக்கின் பெரும் சமர்' மீது திரும்பிவிடும். 1816-இல் மெதடிஸ்த மிஷனாரும் 1823-இல் ஆங்கிலிக்கன் மிஷனாரும் நிறுவிய இவ்விரு கல்லூரிகளும் 1904 முதல் ஆடிவரும் இக்கிரிக்கெட் ஆட்டத்துக்கு, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறை எடுத்துக்கொண்டு பழைய மாணவர் வந்து சேர்கிறார்கள். பத்திரிகைகளோ அணித்தலைவர்களின் படங்களையும் கடந்த ஆண்டுகளின் பெறுபேறுகளையும் முன்கூட்டியே பிரசுரித்து, ஆட்டம் நடக்கும் நாட்களில் ஒவ்வொரு இனிங்ஸின் விபரத்தையும் வரிசை குலையாமல் தருகின்றன. சென் பற்றிக்ஸ் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் சந்திக்கும் 'பொன் அணிகளின் போர்' உண்டு; யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் ஆடும் ஆட்டமும் உண்டு.

கிரிக்கெட் கல்லூரிகளின் விளையாட்டு என்றால், உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் ஊர்களின் விளையாட்டுகள். அதிகாலையில் கடலிலிருந்து திரும்பி, மீனை விற்று, வலையை உலர்த்திய பின் மாலையில் மைதானத்துக்கு வருகிற இளைஞர்களால் வளர்ந்தவை கரையோரக் கழகங்கள். நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றிசியன் என்ற பெயர்களைக் கேட்டால் குடாநாட்டில் அறியாதவர் இல்லை. ஆவரங்கால், புத்தூர்ப் பக்கங்களில் மின்னொளியில் நடக்கும் கரப்பந்தாட்டத்துக்குத் தோட்டக்காரரும் ஆசிரியரும் ஒன்றாக நின்று ஆரவாரிப்பார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விசித்திர வடிவங்களில் ஏறுகிற பட்டங்களையும், வயல்வெளிகளில் புழுதி பறக்க ஓடுகிற மாட்டுவண்டிச் சவாரியையும் இதே பக்கம் பதிவு செய்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு பெரிய பத்திரிகையும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் பெரிய பத்திரிகை செய்வது சுருக்கம். சதமடித்தவன் பெயரும் ஐந்து இலக்குகளை வீழ்த்தியவன் பெயரும் அதில் வரும்; மற்றவர்கள் வரமாட்டார்கள். சிறு நகரத்துப் பத்திரிகையோ பதினொருவர் பெயரையும் போடுகிறது. கடைசியாக வந்து, ஓர் ஓட்டமும் எடுக்காமல், ஆட்டமிழக்காமலும் நின்ற பதினோராம் பையனின் பெயர் அதில் முறையாக, முதலெழுத்தோடு அச்சாகிறது. அந்தப் பையன் பின்னர் வங்கி உத்தியோகத்தனாகவோ விவசாயியாகவோ ஆகி, மறுபடி ஒருபோதும் மட்டையைத் தொடாமலே போகலாம். எனினும் தன் பதினேழாம் வயதில் தன் கல்லூரிக்காகக் களத்தில் நின்றான் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி. ஜனங்களின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட வரிகள் அதிகம் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டைச் சரியாகக் கொடுப்பது பத்திரிகையின் மகத்தான கடமைகளில் ஒன்று என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

"சரியாக" என்ற இடத்தில்தான் சிரமம் எல்லாம் இருக்கிறது. கழகச் செயலாளர் எழுதியனுப்பும் குறிப்பு, பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் தரும் புள்ளி விபரம், பிரதேச நிருபர் தம் சொந்தத் தொழிலுக்கு இடையே சைக்கிளில் போய்த் திரட்டும் செய்தி ஆகிய இவையே அப்பக்கத்தின் மூலப்பொருள்கள். பிரதேச நிருபர்களுட் பலர் பத்திரிகையால் ஜீவிப்பவர்கள் அல்லர். ஊர் அபிமானத்தால் எழுதுகிறவர்கள். அவர்கள் எழுதுவதை வாசிப்பவர் அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டவர். கோல் அடித்தவன் ஒருவனாக இருக்க வேறொருவன் பெயர் அச்சாகிவிட்டால், அடுத்தநாளே தகப்பனோ மாமனோ கழகத் தலைவரோ நிருபரைச் சந்தியில் மறித்துக் கேட்பார்கள். வெளிநாட்டு யுத்தத்தைப் பற்றிய ஒரு பிழையை யாழ்ப்பாணத்து வாசகர் கண்டுபிடிப்பது அரிது. தம் ஊர் ஆட்டத்தைப் பற்றிய பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆகவே, பரீட்சிக்கக்கூடிய சிறு செய்திகளில் தினந்தோறும் பரீட்சிக்கப்பட்டுத் தேறிய பத்திரிகையே, பரீட்சிக்க முடியாத பெரிய செய்தியைச் சொல்லும்போது நம்பப்படுகிறது. பிற்காலத்தில், போர் நடந்த ஆண்டுகளில், ஓர் ஊரில் நேற்றிரவு என்ன நடந்தது என்பதை வெவ்வேறு தரப்பினர் வெவ்வேறு விதமாகச் சொன்னபோது, மக்கள் உள்ளூர்த் தினசரியை எடுத்துப் பார்த்ததற்கு இந்தப் பழக்கமே அடிப்படை.

மரண அறிவித்தலும் அத்தகைய பரீட்சைக்கு உட்பட்டதே. யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என்று சுற்றம் முழுவதையும் அணிவகுத்து, ஈமக்கிரியை நடக்கும் நேரத்தையும் மயானத்தின் பெயரையும் கூறி முடியும். மைத்துனர் ஒருவரின் பெயர் விடுபட்டால் அக்குடும்பங்களிடையே பல வருஷங்கள் பேச்சுவார்த்தை அற்றுப்போகலாம். போரும் புலம்பெயர்வும் வந்தபின், பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி என்று தேசங்களின் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் ஏறத் தொடங்கின. ஓர் இனத்தின் சிதறலை ஆய்வாளர் பலர் புள்ளி விபரங்களோடு எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிதறல் ஒரே குடும்பத்துக்குள் எப்படி நடந்தது என்பதை இந்த அறிவித்தல்களே மிகத் தெளிவாகக் காட்டுகின்றன.

இந்தப் பத்திரிகைகள் கொடுத்த விலை பெரியது. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அந்த நாட்களிலேயே, 'ஈழநாடு' காரியாலயமும் எரிக்கப்பட்டது. அது மறுபடியும் எழுந்து வெளிவந்தது. 1990-இல் ரயில் நின்றுபோய், மின்சாரமும் அற்று, அச்சுத்தாள் வருவதற்கும் தடை ஏற்பட்டபோது, மாணவர் எழுதுகிற கோடிட்ட கொப்பித் தாளிலேகூட யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சாயிற்று. பெரும் சமர் சில ஆண்டுகள் நடைபெறாமலே போன காலம் அது. 2006 மே 2-ஆம் தேதி ஆயுதபாணிகள் 'உதயன்' காரியாலயத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிர் இழந்தனர். அதன் ஆசிரியர் ம. வ. கானமயில்நாதன் வெளியே நடமாட முடியாமல் பல காலம் காரியாலயத்திலேயே தங்கியிருந்து பத்திரிகையை நடத்தினார். யுத்தம் முடிந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளான பிறகும், 2013 ஏப்ரலில், அதன் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. எழுதுகிறவர்களை மாத்திரமன்றி, அச்சுக்கோப்பவரையும் விநியோகிப்பவரையும்கூட ஆபத்து தொடர்ந்த அந்த ஆண்டுகளில், அவர்கள் காவிச் சென்ற தாளில் கோயில் மகோற்சவ அறிவித்தலும் மரண அறிவித்தலும் இருந்தன என்பதை நினைக்கும்போது, அவற்றைச் சில்லறைச் செய்தி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இன்றைய நிலைமை வேறு. 2014-இல் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது, அபாயம் குறைந்தது, ஆனால் வாசகரின் கண் கைத்தொலைபேசிக்குத் திரும்பிவிட்டது. ஆட்டம் முடிவதற்கு முன்னரே அதன் முடிவு ஊரெங்கும் பரவிவிடுகிறது. அப்படியிருக்கப் பத்திரிகை எதற்கு என்பதற்கு ஒரு சமீபத்திய உதாரணம் சொல்லலாம். யாழ் மத்திய கல்லூரியில் சுழற்பந்து வீசிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கும், 2024-இல் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்கும் ஆடியபோது, அவரைப் பற்றி எழுதாத ஊடகம் இல்லை. பாடசாலைப் பருவத்திலேயே அவரைக் கவனித்துவந்தவை உள்ளூர்ப் பத்திரிகைகள். பிரபலம் அடைந்தவரைப் பற்றி எழுதுவதற்கு உலகம் முழுவதும் ஆள் உண்டு. பிரபலமாவாரா என்று யாருக்கும் தெரியாத பருவத்தில் ஒருவரைப் பார்க்க, அந்த ஊரில் மைதானத்தோரம் நிற்கிற ஒரு நிருபர் வேண்டும்.

அந்த நிருபர் இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தீவு முழுவதும் பெயர் பெற்றிருக்கிறார்கள். வடபகுதிப் பெண் பிள்ளைகள் கோலூன்றிப் பாய்தலிலும் பாரம் தூக்குதலிலும் தேசிய அரங்குகளில் பதக்கம் பெற்று வருகிறார்கள். பெண்களின் ஆட்டங்களுக்கும் ஆண்களின் சமருக்குக் கொடுக்கிற அதே விபரத்தோடு, அதே நீளத்தில் இடம் கொடுப்பது உள்ளூர்ப் பத்திரிகையால் மாத்திரமே ஆகக்கூடிய காரியம்.

பழைய பக்கங்களைப் பாதுகாக்கிற வேலை 2005 முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தாரால் நடந்துவருகிறது. 'ஈழகேசரி', 'ஈழநாடு' முதலிய பத்திரிகைகளின் இதழ்கள் பலவற்றை அவர்கள் படியெடுத்து எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் எரிந்தவையும் இடப்பெயர்வில் தொலைந்தவையும் போக, எஞ்சியவற்றிலும் இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளிகளை நிரப்பக்கூடியவை விளையாட்டுக் கழகங்களின் அலுமாரிகளில் இருக்கின்றன: தம் கழகத்தின் பெயர் வந்த நறுக்குகளையெல்லாம் தேதியிட்டு ஒட்டிவைத்த புத்தகங்கள், பழைய செயலாளர்களின் வீட்டுப் பெட்டிகளில் மடித்துக் கிடக்கும் இதழ்கள். கறையான் அவற்றை எட்டுமுன் படியெடுக்கக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ள எந்தக் கழகத்துக்கும் செலவு ஒன்றும் இல்லை.