பிடித்து விடும் உலோகம்

பெங்களூரு நீலசந்திராவில் ஆட்டோ ஏறி 'டாடா இன்ஸ்டிடியூட்' என்றால் போதும், 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே உதய் மைத்ராவின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்த பொருள், ஒரு கூழ். பித்தநீரில் இருக்கும் கோலிக் அமிலத்தின் சோடிய உப்பைத் தண்ணீரில் கரைத்து, டெர்பியம் என்னும் உலோகத்தின் உப்புக் கரைசலை ஊற்றினால் நீர் இறுகிவிடும். குப்பியைக் கவிழ்த்தாலும் கீழே விழாது.

டெர்பியம் அயனிகளின் தயவால் கோலேட் மூலக்கூறுகள் இழை இழையாகச் சேர்கின்றன. இழைகள் பின்னி நீரை உள்ளேயே பிடித்துக்கொள்கின்றன. சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலிதான் பாலிமர்; இந்த இழைகளைப் போல வீட்டு பிளாஸ்டிக் வாளியும் பாலிமர்தான். ஆனால் அதன் கண்ணிகள் எளிதில் பிரியாதவை. இங்கே கண்ணிகள் விடும், மறுபடி பிடிக்கும். அதனால்தான் கலக்கும் விதத்திலேயே குணத்தை மாற்ற முடிகிறது.

இரு முனையிலும் கொக்கி உள்ள மூலக்கூறுகளை உலோகம் கோத்துச் சங்கிலியாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் சரியான அளவில் இருந்தால் சங்கிலி நீளும். அதிகமானால் ஒவ்வொரு கொக்கிக்கும் தனி உலோகம் கிடைத்துவிடும். கோக்க ஆளிருக்காது, சங்கிலி குட்டையாகும். கரைசலை நீர்த்துப்போகச் செய்தாலும் அப்படித்தான். சில சங்கிலிகள் வளையமாகவே மூடிக்கொள்ளும்.

இதைவிடச் சுவையானது, கண்ணிகள் விடும் வேகம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கிரெய்க் குழு, பலேடியம், பிளாட்டினம் அணைவுகளால் பாலிமர் சங்கிலிகளை இணைத்தது. அணைவில் ஒரு சின்னத் தொகுதியை மாற்றியபோது பிணைப்பின் வலிமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. விடுபடும் வேகம் மட்டும் பல மடங்கு குறைந்தது. கரைசலோ அதற்கேற்பக் கெட்டிப்பட்டது! எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதல்ல, எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதே பாகுநிலையை முடிவு செய்தது.

பெங்களூரு கூழில் நிறத்தையும் திருப்பலாம். டெர்பியம் தானாக ஒளியை உறிஞ்சுவதில் சோம்பேறி. டைஹைட்ராக்சி நாப்தலீன் துளி சேர்த்தால், அது புற ஊதா ஒளியை வாங்கி டெர்பியத்துக்குக் கொடுக்கும். கூழ் பச்சையாக ஒளிரும். யூரோப்பியமும் கலந்தால், விகிதத்தைப் பொறுத்து மஞ்சள், சிவப்பு என நிறம் நகரும்.

அந்த நாப்தலீனை வேறொரு மூலக்கூறோடு பிணைத்து முடக்கி வைத்தால் பச்சை வராது. குறிப்பிட்ட நொதி வந்து பிணைப்பை அறுத்தால்தான் வரும். கூழைக் காகித வில்லையில் தடவி, நொதியைக் கண்டுபிடிக்க இந்தத் தந்திரத்தைத்தான் மைத்ரா குழு பயன்படுத்தியது. வில்லை பச்சையாகிறதா என்று பார்க்க ஒரு புற ஊதா விளக்கு போதும்.