கோதுமைக்கு எத்தனை மூட்டை டிஏபி?

அக்டோபர் பிறந்தால் பஞ்சாபின் கூட்டுறவுச் சங்க வாசல்களில் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்துக்கு விவசாயிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நெல்லை அறுத்த கையோடு கோதுமை விதைத்தாக வேண்டும். விதையோடு டிஏபி தரும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணுக்குள் இறங்க வேண்டும். 2024இல் தட்டுப்பாடு வந்தபோது ஒரு மூட்டைக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். வேதனை என்னவென்றால், ஆண்டுக்கணக்கில் டிஏபி இட்ட பல வயல்களில் மணிச்சத்து ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிறது. எந்த வயலில் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும்.

மண்ணில் இருக்கும் மணிச்சத்து முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. பஞ்சாபின் கார மண்ணில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. வேரும் தன்னை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணிலிருந்துதான் இதை எடுக்க முடியும். குளிரில் இளவேர் மெதுவாக வளரும் நாட்களில் பற்றாக்குறை வந்தால் தூர் குறையும். பிறகு உரம் தூவி அதை ஈடுகட்ட முடியாது.

வேருக்கு எட்டக்கூடிய பகுதியை மதிப்பிட, அமெரிக்க மண்ணியலாளர் ஸ்டெர்லிங் ஓல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1954இல் வெளியிட்ட முறையே இன்றும் கைகொடுக்கிறது. இரண்டரை கிராம் மண்ணில் 50 மில்லி சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் குலுக்குகிறார்கள். கரைசல் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பாஸ்பேட் விடுபடுகிறது. வடிகட்டிய நீரில் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் படரும். நீலம் அடர்ந்தால் மணிச்சத்து அதிகம். அமில மண்ணுக்கு ஏற்ற பிரே முறை இங்கே உதவாது. அதன் அமிலத்தைச் சுண்ணாம்பே முறித்துவிடும்.

நீலத்தின் அடர்த்தியை அளந்து கிடைக்கும் எண் ஓர் அடையாளம் மட்டுமே. பயிர் அத்தனை கிலோவை எடுத்துக்கொள்ளும் என்று பொருளல்ல. வயல் சோதனைகளில் விளைச்சலோடு ஒப்பிட்ட பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏக்கருக்கு 5 கிலோவுக்குக் கீழே குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நடுத்தர மண்ணுக்கு ஏக்கருக்கு 55 கிலோ டிஏபி.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். உரமிடும் முன், வரப்பையும் எருக்குவியலையும் மரநிழலையும் தவிர்த்து, ஏழெட்டு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அனுப்பினால் போதும். பழைய உரச் சாக்கு கூடவே கூடாது. அதில் ஒட்டிய தூளே முடிவைக் கெடுத்துவிடும்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள். அண்டை வயலின் மண்ணும் அதில் கலந்திருக்கலாம். டிஏபியைக் குறைக்க நினைப்பவர் தன் வயலுக்கென்று தனியாகப் பரிசோதிப்பதே சரி. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும்.

கோதுமைக்குப் பரிந்துரைத்த அளவு மணிச்சத்து இட்டிருந்தால், அடுத்து வரும் நெல்லுக்கு அது வேண்டாம் என்கிறது அதே பல்கலைக்கழகம். நீர் நிற்கும் வயலில், மண் பிடித்து வைத்திருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி கரைந்து நெல்லின் வேருக்குக் கிடைத்துவிடுகிறது.