70 கொண்டை ஊசி வளைவும் ஒரு காலி பாட்டிலும்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று சீட்டு வந்ததும் தெர்மாகோல் வாங்க நாமக்கல்லுக்கு ஓடும் பெற்றோரே அதிகம். சோடா உப்பில் வினிகர் ஊற்றினால் எரிமலை பொங்கும். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அதற்கு அப்பா வண்ணம் அடித்திருப்பார். பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது பொம்மை. சோதனை என்றால் விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். கொல்லிமலைப் பிள்ளைக்கு அது பஸ்ஸிலேயே கிடைக்கிறது.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது காது அடைக்கும். மேலே கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டு நிற்கும். மேலே குடித்து முடித்து இறுக்கி மூடிய பாட்டில், அடிவாரம் வருவதற்குள் யாரோ கையால் அமுக்கியது போல ஒடுங்கிக் கிடக்கும். ஏன் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிவிடும்: கீழே காற்றழுத்தம் அதிகம். எவ்வளவு ஒடுங்கியது என்பதைப் பிள்ளைதான் அளந்து சொல்ல வேண்டும்.

ஒரே கம்பெனியின் ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கு, ஒரு வாளி, மில்லி கோடு போட்ட அளவு ஜாடி, ஒரு தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது உடம்புச் சூட்டை அளக்க மட்டும் செய்தது. பள்ளி ஆய்வகத்தில் இரவல் கேளுங்கள். முதலில் ஒரு பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். லேபிளில் ஒரு லிட்டர் என்றிருந்தாலும் கழுத்துவரை கொஞ்சம் கூடவே பிடிக்கும்.

பிறகு பாட்டில்களை உள்ளே ஈரமில்லாமல் காயவைத்து, சோளக்காட்டில் நிழலில் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் பிடித்து மூடுங்கள். வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு உள்ளே போகும். மூன்று பாட்டில் கீழே வரட்டும், ஒன்று மேலேயே இருக்கட்டும். அதுதான் சாட்சி: இறங்காத பாட்டில் ஒடுங்கவில்லை என்று காட்ட.

காரவள்ளியிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, பாட்டிலைத் தலைகீழாக வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, தண்ணீருக்கடியிலேயே மூடியைத் திறக்க வேண்டும். ‘குபுக்’கென்று தண்ணீர் உள்ளே ஏறும், ஒடுங்கிய பக்கம் நிமிரும். உள்ளே ஏறிய தண்ணீரும் வாளித் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பிடித்து, அப்படியே மூடி, வெளியே எடுத்து, அந்தத் தண்ணீரை ஜாடியில் அளக்கலாம். காற்று எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு தண்ணீர்தான் அது. ஏற்றம் சுமார் 1000 மீட்டர், கீழே சூடு கொஞ்சம் அதிகம் என்று வைத்தால், ஒரு லிட்டருக்கு 90 மில்லியை ஒட்டி வரும் என்பது ஏட்டுக் கணக்கு.

உங்களுக்கு 80 வரலாம், 97 வரலாம். மூன்றில் ஒன்று 61 காட்டினால் அழித்துவிட்டு 90 என்று எழுதச் சொல்லாதீர்கள். மூடி தளர்ந்து வழியில் காற்று புகுந்திருக்கும். அந்த எண்ணும் நோட்டில் இருக்கட்டும், பக்கத்திலேயே சந்தேகத்தையும் எழுதட்டும். வேறு இரண்டு நாட்களில் மறுபடி செய்து பார்க்க வேண்டும். அதற்கு மூன்று சனிக்கிழமையாவது தேவை. கண்காட்சிக்கு முந்தின வாரம் தொடங்கினால் ஆகாது.

நடுவர் எப்படியும் ஒரு கேள்வி கேட்பார்: “கீழே வெயில் அதிகமாச்சே, சூட்டினால் ஒடுங்கியிருக்குமோ?” சூடேறினால் காற்று விரியும், பாட்டில் உப்பத்தான் வேண்டும். அடிவாரச் சூடு உப்பப் பார்த்தும் பாட்டில் ஒடுங்கியிருக்கிறது என்றால் அழுத்தம் அதை மிஞ்சிவிட்டது. இரண்டு இடத்திலும் வெப்பநிலை குறித்தது இதற்காகத்தான். இதைப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

மலையிறங்க வசதியில்லாத பிள்ளைக்குச் சாமை இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை விவசாயிகளோடு சேர்ந்து பல ஆண்டுகள் சிறுதானிய விதைகளைக் காக்கும் வேலை செய்தது. பாட்டி சாம்பல் கலந்து வைத்த விதையும் சும்மா வைத்த விதையும் நூற்றுக்கு எத்தனை முளைக்கின்றன என்று ஈரத்துணியில் போட்டு எண்ணலாம். 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு எதிர்பார்ப்பதும் இப்படிச் சொந்த ஊரில் எழும் கேள்விகளைத்தான். 10 முதல் 17 வயது வரை சேரலாம்.

கண்காட்சி மலைக்குக் கீழே நடந்தால், மேசைக்கு ஒடுங்கிய பாட்டில் ஒன்றைத் திறக்காமல் எடுத்துப் போங்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வையுங்கள்.