வாரண்டி இருந்தும் 39 நாள் அலைச்சல்! குமாஸ்தாவைக் காப்பாற்றிய காகிதம்

சென்னை, நமது நிருபர்—

"ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார், கவலையே படாதீங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன இந்த வார்த்தையை நம்பி ஒருவர் லேப்டாப் வாங்கினார்.

7 மாதம் ஒழுங்காக ஓடியது. 8–வது மாதம் திரை இருண்டது.

அதன் பிறகு 3 தடவை சர்வீஸ் சென்டர். மொத்தம் 39 நாள் லேப்டாப் அங்கேயே கிடந்தது. மதர்போர்டைக்கூட மாற்றினார்கள். அதற்குள் 2 வாடிக்கைக் கடைகள் அவர் கையை விட்டுப் போய்விட்டன.

கடைசியில் பார்த்தால் கோளாறு எங்கே?

ஒரு சின்ன கேபிளில்!

இரவு வேலை

அவருக்கு வயது 46. வீடு வியாசர்பாடியில். சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். "பேர் போட்டுடாதீங்க தம்பி, முதலாளி பார்ப்பாரு" என்று கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

பகல் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மகளின் காலேஜ் செலவுக்கும் சரியாகப் போகிறது. ஆகவே இரவில் சின்னச் சின்ன கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறார். அப்போது மொத்தம் 14 கடைகள். கடைக்கு மாதம் ரூ.500.

இந்த வேலைக்காகத்தான் 2024 ஜூன் 14–ந் தேதி ரூ.48 ஆயிரத்து 500–க்கு லேப்டாப் வாங்கினார். 12 மாதத் தவணை. மாதம் 4 ஆயிரத்துக்கு மேல் கட்டவேண்டும்.

"நாலு ராத்திரி கண் முழிச்சா தவணை வந்துடும்னு கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுறவன் போட்ட கணக்கே தப்பாப் போச்சு" என்கிறார்.

முதல் தடவை: அழிந்தது கணக்கு

2025 ஜனவரி. பொங்கல் முடிந்த வாரம். மூடியைத் திறக்கும்போது திரை பளிச்சென்று வரும். கொஞ்சம் பின்னால் சாய்த்தால் கறுப்பு. முன்னால் இழுத்தால் மறுபடி வெளிச்சம்.

ஜனவரி 23–ந் தேதி 2 பஸ் மாறி சர்வீஸ் சென்டருக்குப் போனார். டோக்கன் வாங்கி 2 மணி நேரம் உட்கார்ந்தார். கவுண்டரில் இருந்த பையன் லேப்டாப்பைத் திறந்தான். திரை நன்றாக எரிந்தது!

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"வீட்ல அணைஞ்சு போகுது தம்பி."

"சரி, வெச்சுட்டுப் போங்க."

ரசீதில் எழுதிய வார்த்தை ஒன்றே ஒன்று: 'வேலை செய்யவில்லை'. 4 நாள் கழித்து, 27–ந் தேதி திருப்பிக் கொடுத்தார்கள். "சாப்ட்வேர் பிராப்ளம்தான், புதுசா போட்டுட்டோம்" என்றார்கள்.

புதிதாகப் போட்டார்கள் சரி. பழையது? உள்ளே இருந்த கணக்கெல்லாம் காலி! டிசம்பர் கடைசியில் பென் டிரைவில் எடுத்து வைத்தது மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு ஏற்றிய பில்களை அவரும் மகளும் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள்.

2–வது தடவை: 48 எண் பூட்டு

பிப்ரவரி 16–ந் தேதி இரவு திரை அடியோடு போய்விட்டது. மறுநாளே சர்வீஸ் சென்டருக்கு ஓடினார்.

இந்தத் தடவை அவர் விடவில்லை. ரசீதை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: 'மூடியை அசைத்தால் திரை அணைகிறது.' கவுண்டர் பையன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'உடைசல், கீறல் எதுவும் இல்லை' என்று குறித்து முத்திரை போட்டுக் கொடுத்தான்.

அப்போது இருவருக்குமே தெரியாது, அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று!

"மதர்போர்டு போயிடுச்சு, வரவழைக்கணும்" என்று சொல்லி 16 நாள் வைத்துக்கொண்டார்கள்.

வியாபாரிகளுக்கு இதன் கஷ்டம் தெரியும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிற கடைக்காரர் 20–ந் தேதிக்குள் வரிக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம்.

நம் குமாஸ்தா ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, காகித பில்களை வைத்து 11 கடைகளை முடித்தார். மீதி 3 கடைக்கு 24–ந் தேதி ஆகிவிட்டது. கடைக்கு ரூ.200 வீதம் ரூ.600. அதைத் தன் பையிலிருந்து கட்டினார்.

கட்டியும் பலனில்லை. 3 கடையில் 2 கடைக்காரர்கள், "வேற ஆளைப் பார்த்துக்கிறோம், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 5–ந் தேதி லேப்டாப் வீட்டுக்கு வந்தது. ஆனால் திறக்கவில்லை. நீலத் திரையில், '48 இலக்க எண்ணைக் கொடு' என்று கேட்டது!

இது என்ன மாயம்? இப்போதைய லேப்டாப்களில் உள்ளே இருக்கும் தகவல்களை விண்டோசே பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டு மதர்போர்டில் உள்ள ஒரு சிப்போடு இணைந்தது. போர்டை மாற்றினால் பூட்டுக்கு எஜமானன் யார் என்று தெரியாது. அப்போது மாற்றுச் சாவியாக அந்த 48 இலக்க எண் வேண்டும். பலருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாப்ட் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

காலேஜ் படிக்கும் மகள் செல்போனில் தேடி அந்த எண்ணை எடுத்துவிட்டாள். இல்லாவிட்டால் இன்னொரு தடவை எல்லாமே காலி!

திறந்த பிறகு பார்த்தால் அடியில் 2 திருகைக் காணோம். இடது பக்கம் பென் டிரைவ் செருகும் துவாரம் செத்துக் கிடந்தது. 10 நாளில் திரையும் பழையபடி கறுப்பு!

ரிச்சி தெரு வைத்தியர்

வெறுத்துப்போனவர், அண்ணா சாலைக்கு அருகே உள்ள ரிச்சி தெருவுக்குப் போனார். ரேடியோ பாகத்திலிருந்து கம்ப்யூட்டர் பாகம் வரை கிடைக்கிற தெரு அது. அங்கே ஒரு மெக்கானிக் கடைக்காரர் மூடியை 2 தடவை மெதுவாக அசைத்தார்.

"சார், நான் இதைத் திறந்தா உங்க வாரண்டி போச்சுன்னு சொல்லிடுவாங்க. அதனால திறக்கல. ஆனா சொல்றேன், போர்டு இல்ல, கேபிள். வீட்டு டி.வி.யில மாட்டிப் பாருங்க, தெரிஞ்சுடும்" என்றார். காசும் வாங்கவில்லை.

விஷயம் இதுதான். திரைக்குப் படத்தைக் கொண்டு போகும் மெல்லிய கேபிள், மூடியின் கீல் வழியாகத்தான் போகிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிர்கிறது. சரியாகப் பதியாமல் கீலில் நசுங்கினால் நாளாக நாளாக உள்ளே இழை அறுந்துவிடும். ஒரு கோணத்தில் ஒட்டும், ஒரு கோணத்தில் விலகும். சர்வீஸ் சென்டர் மேஜையில் ஒரே நிலையில் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்!

அன்றிரவே எச்.டி.எம்.ஐ. ஒயர் வாங்கி வீட்டு டி.வி.யில் மாட்டினார்கள். லேப்டாப் திரை கறுப்பு, டி.வி.யில் படம் பளிச்! அப்படியென்றால் போர்டு நல்ல போர்டு. மகள் அதைச் செல்போனில் படம் பிடித்தாள்.

மார்ச் 20–ந் தேதி கணக்கை முடித்தது அந்த டி.வி.யில்தான். "4 நாள் எனக்கு சீரியல் கிடையாது. இவரோட பில்லுதான் ஓடுச்சு" என்று சிரிக்கிறார் மனைவி.

3–வது தடவை: "நீங்க கீழே போட்டிருக்கீங்க!"

மார்ச் 24–ந் தேதி மறுபடி அதே கவுண்டர். உள்ளே எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள்.

"கீல்ல அடி பட்டிருக்கு. கீழே போட்டிருக்கீங்க. இது வாரண்டியில வராது. ரூ.14 ஆயிரம் ஆகும்."

குமாஸ்தா சத்தம் போடவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பிப்ரவரி 17–ந் தேதி ரசீதை மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கே இதே கோளாறுதான். என் கையால எழுதியிருக்கேன். அன்னிக்கு உடைசல் இல்லைன்னு நீங்களே எழுதி முத்திரை போட்டிருக்கீங்க. அடி படறதுக்கு முன்னாடியே வந்த கோளாறுக்கு அடி எப்படிங்க காரணம்?"

பதில் இல்லை. "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

அவர் ரசீதிலேயே 'பணம் கட்டச் சம்மதம் இல்லை' என்று எழ்திவைத்துவிட்டு வந்தார். ரசீதுகளின் நகல், தேதிவாரியாக நடந்த கதை எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். டி.வி. படத்தை இ–மெயிலில் அனுப்பினார். 26–ந் தேதி, மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண்ணான 1915–க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தார்.

9–வது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "ஐயா" என்று ஆரம்பித்தார்களாம்!

ஏப்ரல் 12–ந் தேதி லேப்டாப் திரும்பி வந்தது. கேபிளையும் கீலையும் மாற்றியிருந்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அன்றிலிருந்து திரை அணையவில்லை.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை

மாற்றிய பாகமும் பழுதாவது உலகம் முழுக்க நடந்த கதை.

2008 ஜூலையில் என்விடியா கம்பெனி, லேப்டாப்களில் இருந்த தன்னுடைய சில சிப்கள் பழுதாவதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி உள்ளே இருந்த இணைப்பு பலவீனமானதே காரணம்.

2015–ல் ஆப்பிள் கம்பெனி புது மாதிரி கீபோர்டு கொண்டு வந்தது. எழுத்துக்கள் ஒட்டிக்கொள்வதாகப் புகார் குவிந்தது. 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டு வரை அந்தக் கீபோர்டை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. வழக்கும் நடந்து, 2022–ல் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.



உஷார்! இதைச் செய்யுங்கள்

சர்வீசுக்குக் கொடுக்குமுன் உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்தில் நகல் எடுங்கள். அது அழிந்தால் பல கம்பெனிகள் பொறுப்பேற்காது. 48 இலக்க எண்ணையும் ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள்.

'வேலை செய்யவில்லை' என்று எழுத விடாதீர்கள். எப்போது, எப்படி, என்ன ஆகிறது என்று எழுதச் சொல்லுங்கள். லேப்டாப்பின் மேல்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் செல்போனில் படம் எடுங்கள்.

திருப்பி வாங்கும்போது அங்கேயே எல்லாத் துவாரங்களையும் சோதியுங்கள். சார்ஜர், கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டு, அடியில் உள்ள திருகு, ஒன்று விடாமல்! பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால்? 1915 என்பது கோர்ட்டு அல்ல. உங்கள் புகாரைக் கம்பெனியிடம் கொண்டு போகும் வழி. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20–ந் தேதி அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் போடவேண்டும். பழுதை நீக்கவோ, வேறு பொருள் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம்.

அதற்கும் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்!

மிச்சமிருக்கும் ஒரு கோளாறு

சரி, குமாஸ்தாவின் லேப்டாப் இப்போது முழுசாக நன்றாக இருக்கிறதா?

இல்லை. இடது பக்கத் துவாரம் இன்னும் செத்தேதான் கிடக்கிறது!

ஏன்? 3–வது தடவை கொடுத்தபோது ரூ.14 ஆயிரம் சண்டையில் அதை எழுத மறந்துவிட்டார். ஏப்ரல் 12–ந் தேதி திருப்பி வாங்கும்போது கேட்டிருக்கிறார். கவுண்டரில் ரசீதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில எழுதலையே சார்! புதுசா டோக்கன் போட்டு வெச்சுட்டுப் போங்க" என்றார்களாம்.

20–ந் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி லேப்டாப்பை விட்டுவிட்டு வர அவருக்குத் தைரியம் இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எடுத்து வந்துவிட்டார். அடுத்த மாதமும் 20–ந் தேதி வந்தது. ஜூனில் வாரண்டி முடிந்தது.

"எழுதினது சரியாச்சு, எழுதாதது அப்படியே நின்னுபோச்சு. எங்க முதலாளி அடிக்கடி சொல்வாரு, பேரேட்டுல ஏறாத சரக்கு கடையிலேயே இல்லாத சரக்குன்னு. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுற எனக்கு இது தெரியலையே தம்பி!"

சொல்லிவிட்டு பென் டிரைவை எடுத்து வலது பக்கம் செருகினார்.

மூடியை மட்டும் இன்னமும் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத்தான் திறக்கிறார்.